சும்மாடும் சுண்டு விரலும்

மடிக்கிறவளுக்குக் கண் தாளின் ஓரத்தில் இருக்க வேண்டும், படத்தில் இருக்கக் கூடாது. படத்தைப் பார்த்தால் ஓரம் விலகும். ஓரம் விலகினால் வெட்டுகிறபோது எழுத்தும் சேர்ந்து போய்விடும். திருவனந்தபுரம் ஆரியசாலையில் மொத்தக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த அச்சகத்தில் முதல் நாளே எனக்கு இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பத்தொன்பது வருஷம் அங்கே தாள் மடித்தேன். நான் மடித்ததில் ஓரம் விலகியது என்று ஒரு ஆள் சொன்னதில்லை.

பெரிய தாளில் முன்பக்கம் எட்டு, பின்பக்கம் எட்டு, ஆகப் பதினாறு பக்கம் அச்சாகி வரும். பாதி தலைகீழாக நிற்கும். மூன்று தடவை மடித்து மூங்கில் சிம்பால் நீவினால் எல்லாம் நேராகிவிடும். அந்தப் பதினாறு பக்கத்துக்கு ஒரு ஃபாரம் என்று பேர். ஃபாரங்களை வரிசையாக அடுக்கி, ஓரத்தில் பின் அடித்து, மேலட்டை ஒட்டினால் புத்தகம். இதில் வாசிக்க வேண்டிய வேலை எதுவும் இல்லை. பக்கத்தின் அடியில் எண் இருக்கும், எண் எனக்குத் தெரியும். தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். மலையாளம் பேசுவேன், எழுத்து தெரியாது. அந்த எழுத்து எனக்கு இன்றைக்கும் படம்தான்.

நாகர்கோவிலுக்குத் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து கட்டட வேலைக்காகத் திருவனந்தபுரம் வந்தவர் என் கணவர். மகளுக்கு மூன்று வயதாகும்போது சாரத்திலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்தார். அதன்பிறகுதான் நான் அச்சகத்துக்கு வந்தேன். வந்த முதல் வருஷம், தாள் கட்டை இறுக்குகிற இரும்புப் பிரஸ்ஸில் இடது கைச் சுண்டு விரல் மாட்டியது. எலும்பு சேர்ந்தது, ஆனால் உள்பக்கமாக வளைந்து சேர்ந்தது. அதனால் மடிப்பு வேலைக்கு ஒரு குறைவும் வரவில்லை. நீவுகிறபோது அந்த விரல் தாளைப் பிடித்துக்கொள்ளும். மற்ற பெண்களைவிட நான் வேகம்.

எனக்கு வேண்டியதாக இருந்தது ஒன்றே ஒன்று. என் மகள் படித்து, நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். அவள் முன்னால் மேஜை இருக்க வேண்டும். அந்த மேஜையில் அவள் மடிக்க வேண்டிய தாள் இருக்கக் கூடாது. மிஷன்காரர்கள் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவளைச் சேர்த்திருந்தேன். நாங்கள் மூன்று தலைமுறையாக வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். அதனால் இடம் கிடைத்தது. அவள் ஆறாம் வகுப்புக்கு வந்த வருஷம்தான் நான் சொல்லப்போகும் புத்தகம் வந்தது.

அந்தக் காலத்தில் சுவிசேஷம் சொல்லுகிற சின்னச் சின்னப் படக்கதைப் புத்தகங்கள் அச்சகத்துக்கு நிறைய வரும். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். கன்வென்ஷன் பந்தலிலும் பஸ் ஸ்டாண்டிலும் கையில் கொடுப்பார்கள். முக்கால்வாசி வெளிநாட்டில் வரைந்தவை. எழுத்தை மட்டும் இங்கே மாற்றுவார்கள். எல்லாவற்றிலும் கடைசியில் இரண்டு வரிசை ஆட்கள் நிற்பார்கள். மேலே போகிற வரிசையில் எல்லாரும் வெளுப்பு. கீழே நெருப்புக்குப் போகிற வரிசையில் குடுமிக்காரர், கத்தி வைத்த தாடிக்காரர், சுருட்டை முடிக்காரர், எல்லாரும் கறுப்பு. இப்படி எத்தனையோ மடித்திருக்கிறேன். ஒன்றும் தோன்றியதில்லை. சொன்னேனே, கண் ஓரத்தில் இருக்கும்.

அச்சகத்து மாடியில் படம் வரைகிற சார் ஒருவர் இருந்தார். மலையாளி, சாது, உரக்கப் பேச மாட்டார். ஒரு நாள் நான் தலையில் தாள் கட்டோடு படி ஏறும்போது நிறுத்தினார்.

“அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம் இப்படியே நில்லுங்கோ.”

“எதுக்கு சார்?”

“ஒரு சித்திரம் வரையணும். சுமை எடுக்கிற ஸ்திரீ. நல்ல முகமா வேணும்.”

மடிப்பு மேஜையில் எனக்கு எதிரே உட்காருகிற சேச்சி கீழே இருந்து கத்தினாள். மலையாளத்துக்காரி, என்னைவிடப் பத்து வயது மூப்பு, எங்களோடு இருந்து இருந்து அவள் பேச்சு பாதி தமிழாகியிருந்தது.

“எடீ, சினிமாவுல எடுக்கப் போறாரு! முகம் கழுவிட்டு நில்லு!”

“எனக்க முகம் கழுவாமலே நல்லாத்தான் இருக்கு சேச்சி” என்றேன். நின்றேன். நேராக நின்றேன். தலையில் என் கட்டம் போட்ட துண்டு, மூன்று முறுக்கு முறுக்கி, நுனியை வலது பக்கம் செருகின சும்மாடு. எங்கள் ஊரில் அப்படித்தான் செருகுவோம். அச்சகத்தில் வேறு யாரும் அப்படிச் செருகுவதில்லை.

வரைந்துகொண்டிருந்தவர் நடுவில் நிமிர்ந்து, “முடியைக் கொஞ்சம் அவிழ்த்து விடலாமா?” என்று கேட்டார்.

“முடிய அவுத்துப்போட்டு நிக்கதுக்கு இது என்ன சாவு வீடா சார்?”

அவர் சிரித்துவிட்டார். “வேண்டாம், வேண்டாம். அதை நான் வரைஞ்சுக்கலாம்.”

அன்று வீட்டுக்குப் போய் மகளிடம் சொன்னேன். “எனக்க படம் புஸ்தகத்துல வரப்போவுது.” அவள் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டாள். “எத்தனாவது பக்கத்துல? வண்ணத்துலயா?” என்று கேட்டாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். நானும் குழாயடியில் நாலு பேரிடம் சொன்னேன். பெருமைதான். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஒன்றரை மாதம் கழித்து அந்தத் தாள் வந்தது. மலையாளப் புத்தகம். ஞாயிற்றுக்கிழமை கன்வென்ஷன், அதற்குள் வேண்டும் என்று அவசரம். எந்தப் புத்தகம் வந்தாலும் ஃபோர்மேன் முதலில் ஒன்றை மடித்து அடுக்கி, மாதிரி என்று எங்கள் முன்னால் வைப்பார். அந்த வாரம் அவர் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். மாதிரி இல்லை. பக்க எண்ணும் இல்லை, வெளிநாட்டுப் புத்தகத்தைப் பார்த்து பிளாக், அதாவது அச்சுத் தகடு, எடுத்ததில் அதை விட்டுவிட்டார்கள். மேஜையில் இருந்தது இரண்டு ஃபாரம். மாடியில் படம் வரைகிற சாரும் அந்த வாரம் லீவு. எது முந்தி, எது பிந்தி என்று சொல்ல ஆள் இல்லை. சேச்சிக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். மற்ற இரண்டு பெண்களும் தமிழ்ப் பிள்ளைகள். மிஷினில் நிற்கிறவரைக் கேட்டால், “மடிக்கிறது நீங்கள், என்னைக் கேட்டால்?” என்றார்.

படத்தைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டியிருந்தது. ஒரு ஃபாரத்தில் ஒரு வெளுத்த பெண் இருந்தாள். கோட்டுப் போட்ட ஒருவர் வந்து கதவைத் தட்டுகிறார். அடுத்து அவள் வெள்ளைச் சேலையில் முக்காடு போட்டு ஆல்டருக்கு முன்னால் நிற்கிறாள். அடுத்து ஒரு வீடு, ஜன்னலில் திரைச்சீலை, மேஜையில் சாப்பாடு, சட்டை போட்ட புருஷன், சீவி முடித்த பிள்ளை. இன்னொரு ஃபாரத்தில் பேய் போல ஒருத்தி. பல் வெளியே, முடி விரிந்து கிடக்கிறது, உதடு தடித்துத் தொங்குகிறது. கல் ஒன்றுக்கு முன்னால் குப்புற விழுகிறாள். கலயத்தைத் தூக்கிக் குடிக்கிறாள். புருஷன் கம்பால் அடிக்கிறான், பிள்ளை கதறுகிறது. கடைசியில் கொம்பு முளைத்தவர்கள் அவளை நெருப்புக்குள் இழுக்கிறார்கள்.

“எடீ, எது முதல்?” என்றாள் சேச்சி.

“இதுல கேக்கதுக்கு என்ன இருக்கு?” என்றேன். “ஆளு வருது, பாக்குது, கல்யாணக் கெட்டு நடக்குது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவுது. மொதல்ல திரைச்சீலையும் மேசையும் சோறும் எல்லாம் உண்டும். பெறகு அவன் குடிக்கத் தொடங்குவான். இவ வெயில்ல கெடந்து கறுத்துப்போவா.”

சேச்சி யோசித்தாள். “சரிதான். என்னைக் கெட்டிக்கொண்டு வரும்போ நானும் வெளுத்துத்தான் இருந்தேன்.”

“நீங்களா?”

“நீ அன்னைக்கு என்னைக் கண்டியா? பேசாம மடி.”

எல்லாரும் சிரித்தோம். அந்த மேஜையில் நான் சொன்னதுதான் முடிவு. வெளுத்த பெண் முன்னால், கறுத்த பெண் பின்னால் என்று அடுக்கிப் பின் அடித்தோம். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்து கட்டாகி வண்டியில் போயிற்று. இதை நான் வேண்டுமென்று செய்யவில்லை. அன்று என் படத்தையும் தேடினேன். சுமையோடு நேராக நிற்கிற ஒரு பெண்ணைத் தேடினேன். இல்லை. இது வேறு புத்தகம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் மகள் பள்ளியிலிருந்து வந்து கால் கழுவாமல் உள்ளே வந்தாள். பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்துப் பாயில் வைத்தாள். முந்தின நாள் ஞாயிறு வகுப்பில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று கொடுத்திருக்கிறார்கள். அவள் ஒரு நாள் முழுக்க என்னிடம் சொல்லாமல் பைக்குள் வைத்திருந்திருக்கிறாள்.

“இது நீதானா?”

“இது பேயாக்கும் மக்களே.”

“பேயில்ல. வெரலப் பாரு.”

பார்த்தேன். கலயத்தைப் பிடித்திருந்த இடது கை. சுண்டு விரல் உள்பக்கமாக வளைந்திருந்தது. பிறகு தலையைப் பார்த்தேன். கட்டம் போட்ட துண்டு, மூன்று முறுக்கு, நுனி வலது பக்கம் செருகி. பல் என் பல் இல்லை. உதடு என் உதடு இல்லை. நிறம் என்னுடையதுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதன்மேல் அவர் இன்னொரு தடவை மை தடவியிருந்தார்.

அந்தப் பக்கத்தை நான் எத்தனை தடவை கையால் நீவியிருப்பேன் என்று தெரியாது. என் விரலை என் விரலாலேயே நீவியிருக்கிறேன்.

“என்ன எழுதியிருக்கு? வாசி.”

“வேண்டாம்.”

“வாசி.”

அவள் மலையாளத்தை மனசுக்குள் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னாள். குரலில் ஏற்றமும் இறக்கமும் இல்லை. “பாண்டிக்காரி. குளிக்க மாட்டா. கண்டதையும் களவெடுப்பா. கல்லக் கும்பிடுவா. குடிச்சிட்டுப் பிள்ளையப் போட்டு அடிப்பா.” பக்கத்தைத் திருப்பினாள். “இந்தக் குடியன் அப்பாவா?”

“ஒனக்க அப்பா குடிச்சதே இல்ல.”

“எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாதுல்லா.”

பாண்டி என்பது தமிழாட்களான எங்களை அங்கே இளக்காரமாகச் சொல்கிற வார்த்தை. பஸ்ஸில் சொல்வார்கள், சாலைக் கடைத் தெருவில் சொல்வார்கள். காதில் விழும், நடந்து போய்விடுவோம். அச்சில் வந்து பார்த்தது எனக்கு அதுதான் முதல்.

அது மட்டும் இல்லை. நான் மாற்றி அடுக்கினதால் கதை வேறு மாதிரி ஆகியிருந்தது. நல்ல வெளுத்த பெண் ஒருத்தி சபைக்கு வந்து, ஞானஸ்நானம் எடுத்து, நல்ல வீட்டில் இருந்துவிட்டு, அப்புறம் பாண்டிக்காரியாக மாறி நெருப்புக்குப் போகிறாள். வகுப்பில் ஒருத்தி விரலைக் கண்டுபிடித்திருக்கிறாள். மகள்தான் படம் வரப்போகிறது என்று ஏற்கெனவே எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாளே.

“எல்லாரும் கேக்குதாங்க. ஒனக்க அம்மைக்கு வெளுப்பு எப்ப போச்சுன்னு.”

“நீ என்ன சொன்ன?”

“ஒண்ணும் சொல்லல.” புத்தகத்தைத் திரும்பப் பைக்குள் திணித்தாள். “நான் இனி பள்ளிக்கூடம் போவ மாட்டேன்.”

“கரையாத மக்களே.”

“நான் கரையல” என்றாள். அழவில்லைதான். அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “அந்தப் புஸ்தகத்த எல்லாம் திருப்பி வாங்கச் சொல்லு. வாங்கினா போவேன். அங்க மேசைல நீ சொல்லதுதானே நடக்கும்.”

“சொல்லுதேன்” என்றேன்.

செவ்வாய்க்கிழமை அவள் போகவில்லை. நானும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சேச்சி “உனக்குச் சுகமில்லையா?” என்று கேட்டாள். தலைவலி என்றேன். சாயங்காலம் மகளின் வகுப்புப் பிள்ளை ஒன்று வீட்டு வாசலில் வந்து நின்று, தொடர்ந்து வராவிட்டால் பேரை வெட்டிவிடுவோம் என்று டீச்சர் சொன்னதாகச் சொல்லிவிட்டு ஓடிற்று. உள்ளே மகள் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

புதன்கிழமை காலையில் அச்சகத்து வாசலில் ஆட்டோ நின்றது. அந்தப் புத்தகத்தை அடிக்கக் கொடுத்த உபதேசியார் இறங்கினார். பின்னாலேயே நாங்கள் அனுப்பின கட்டுகள் இறங்கின. கையில் இருந்த தாளைக் கீழே வைத்தேன். நான் கேட்காமலே திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

“தேவனுடைய ஊழியத்தை இப்படியா கவிழ்ப்பீங்க?” என்றார். பிரசங்க மேடையில் பேசுகிற அதே குரல். “பரலோகத்தில் தொடங்கி நரகத்தில் முடியுது! இதை வாசித்து எந்த ஆத்துமா மனந்திரும்பும்? இருக்கிறவனும் ஓடிப்போவான். யார் இதை அடுக்கினது?”

“நான்தான் ஐயா.”

“ஏன் இப்படிச் செய்தீங்க சகோதரி?”

சேச்சி எனக்காகச் சொன்னாள். “சாரே, கெட்டிக்கொடுத்த பெண்ணு பின்ன எங்கோட்டுப் போவா? கீழோட்டுத்தான். அதைக் கண்டு அடுக்கினோம்.”

“இது கல்யாணக் கதை இல்லம்மா. இரட்சிப்பின் கதை. பாவி முதல்ல, வெள்ளைச் சேலை பிறகு.”

“அது எங்களுக்கு யாரு சொன்னா?”

மிஷின்காரர் சிரித்துவிட்டார். உபதேசியார் சிரிக்கவில்லை. பின்னைப் பிரித்து, ஃபாரத்தை மாற்றி வைத்து, திரும்ப அடித்துத் தர வேண்டும், வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு எல்லா இடத்திலும் கொடுக்க வேண்டும் என்றார். பிள்ளைகளுக்குக் கொடுத்ததற்குப் பதிலாகவும் புதிதாகக் கொடுப்பார்களாம்.

அவர் திரும்பும்போது வழியில் போய் நின்றேன்.

“ஐயா, இதுல இருக்கது நான்.”

புரியாமல் பார்த்தார். முதல் கட்டிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்து, பக்கத்தில் என் கையை வைத்தேன். அவர் படத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார். அவரும் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்தான். நிறமும் என் நிறம்தான்.

“அது நீங்க இல்ல சகோதரி. அது பாவத்துக்கு ஒரு அடையாளம்.”

“அடையாளத்துக்கு எனக்க வெரல் எதுக்கு ஐயா?”

அவர் புத்தகத்தை மூடிவைத்தார். “நீங்க சபைக்குப் போறவங்களா?” என்று கேட்டார்.

“மூணு தலமொறையா வேதம்.”

“அப்போ உங்களுக்கு ஏன் சங்கடம்? இது வேதத்துக்கு வராத ஜனத்தைப் பற்றினது. நீங்க ரெண்டாவது பாகம். வெள்ளைச் சேலை.”

“ரெண்டாவது பாகத்துல எனக்க மூஞ்சி இல்லியே ஐயா.” பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னேன். “எனக்க மக இதப் பாத்துட்டுப் பள்ளிக்கூடம் போவ மாட்டேங்கா. இத வெளிய விடாம இருக்க முடியுமா?”

“பிள்ளைங்க நாலு நாளில் மறந்துபோவாங்க. ஒரு பிள்ளைக்காக இத்தனை ஆத்துமாவை விட்டுவிட முடியுமா? நீங்களே ஜெபித்து யோசிச்சுப் பாருங்க.”

தொண்ணூற்றொன்பது ஆட்டை விட்டுவிட்டுத் தொலைந்த ஒன்றைத் தேடிப் போவதைப் பற்றி அவரே பிரசங்கிக்கக் கேட்டிருக்கிறேன். அது அப்போதே நினைவு வந்தது. வழியை விட்டு விலகி நின்றேன். அவர் ஆட்டோவில் ஏறிப் போனார்.

மூன்று நாள் அந்த வேலை. கத்தி முனையால் பின்னை நிமிர்த்தி உருவ வேண்டும். தாள் கிழியக் கூடாது. ஃபாரத்தை மாற்றி, பழைய ஓட்டையிலேயே புதுப் பின் அடிக்க வேண்டும். மேலட்டையைத் திரும்ப ஒட்ட வேண்டும். மற்றவர்களிடம் கொடுத்தால் ஓரம் விலகும் என்று மாற்றி வைக்கிற வேலையை நான்தான் செய்தேன். இடது பக்கத்திலிருந்து அவளை எடுப்பேன், மேலே வைப்பேன். இடது பக்கத்திலிருந்து எடுப்பேன், மேலே வைப்பேன். கோபம் வரும் என்று முதல் நாள் காத்திருந்தேன். வரவில்லை. பசி வந்தது, சாப்பிட்டேன். சேச்சி ஒரு தடவை என் கையைப் பிடித்து, “நான் செய்யுறேன், நீ ஒட்டு” என்றாள். “வேண்டாம், நீங்க கிழிச்சிருவீங்க” என்றேன்.

வியாழக்கிழமை மாடியிலிருந்து படம் வரைகிற சார் இறங்கி வந்தார். கையில் ஒரு பழைய புத்தகம். சுற்றிப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வைத்தார்.

“நான் ஒண்ணும் கூட்டலை அக்கா. இதைப் பார்த்துத்தான் வரைஞ்சேன். பல்லும் உதடும் எல்லாம் இதுல உள்ளதுதான். இந்த நாட்டு ஆளா மாத்தணும்னு அவங்க சொன்னாங்க. துண்டும் சேலையும் மட்டும்தான் உங்ககிட்ட எடுத்தது.”

வெளிநாட்டுப் புத்தகம். அதே பெண், அதே வாய். தலையில் சும்மாட்டுக்குப் பதிலாக முடியில் குறுக்கே ஒரு எலும்பு. பின்னால் ஒரு பெரிய பானை, பானைக்குள் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரன்.

எனக்கு அவளைத் தெரியும். இரண்டு வருஷம் முன்னால் அந்தப் புத்தகத்தை அப்படியே தமிழில் போட்டார்கள், நாங்கள்தான் மடித்தோம். அன்றைக்குப் படத்தைப் பார்த்தோம், ஓரத்தை விட்டுவிட்டுப் பார்த்தோம். நான் மூங்கில் சிம்பை எடுத்துக் கொண்டையில் குறுக்கே செருகிக்கொண்டு, உதட்டைப் பிதுக்கி, சேச்சியைப் பானையில் போடப் போவதுபோல மேஜையைச் சுற்றி ஓடினேன். மிஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது நான்தான்.

“வெரலு?” என்று சாரிடம் கேட்டேன்.

“அது… கை அப்படியே வரைஞ்சுபோச்சு அக்கா. வேணும்னு வரையலை.” அவர் என்னைப் பார்க்காமல் பேசினார். “அடுத்த அச்சுக்கு நேராக்கித் தரேன். பிளாக்கில் கொஞ்சம் சுரண்டினால் போதும்.”

“நேராக்குங்க” என்றேன்.

அவ்வளவுதான் கேட்டேன். வேறு ஏதாவது கேட்டிருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

சனிக்கிழமை வேலை முடிந்தது. கட்டுகள் மறுபடி ஏறிப் போயின. வீட்டுக்கு வந்தபோது மகள் பாயில் உட்கார்ந்து தன் பாடப் புத்தகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். வாசிக்கவில்லை, திருப்பிக்கொண்டு மட்டும் இருந்தாள்.

“புஸ்தகத்த எல்லாம் திருப்பி வாங்கியாச்சு மக்களே” என்றேன்.

நிமிர்ந்தாள். “நெசமாவா?”

“ஆட்டோவுல கொண்டுவந்து எறக்கிட்டாவ. நான் கண்ணால பாத்தேன்.”

“நீ சொல்லித்தானா?”

“நான் சொல்லித்தான்.”

அவள் எழுந்து வந்து என் தோளில் முகத்தை வைத்தாள். என் கையை எடுத்து, அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள். நான் அடுப்பில் உலை கொதிக்கிறது என்று சொல்லி எழுந்தேன்.

மறுநாள் ஞாயிறு வகுப்புக்குத் தலை சீவி, ரிப்பன் கட்டி, அவளே கிளம்பிப் போனாள். அவள் கையில் என்ன கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இன்றைக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கிறது, போகாதே என்று சொல்லி ஒரு ஞாயிற்றைத் தள்ளியிருக்கலாம். அடுத்த ஞாயிற்றை என்ன செய்வது? வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் திரும்பிக் கை காட்டினாள். நானும் காட்டினேன்.

மத்தியானம் வந்தாள். கால் கழுவினாள். புத்தகத்தை என் முன்னால் வைத்தாள். பழைய ஓட்டையில் புதுப் பின். முதல் பக்கத்தில் சும்மாடும் சுண்டு விரலும்.

“இப்ப ஒழுங்கா இருக்கு” என்றாள்.

சோறு போட்டேன், சாப்பிட்டாள். திங்கட்கிழமை காலையில் பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். போகமாட்டேன் என்ற பேச்சே எழவில்லை. வாசல் தாண்டியபிறகு, முகத்தைத் திருப்பாமல், “சாயங்காலம் கூப்பிட வராண்டாம். நானே வருவேன்” என்றாள். அதுவரைக்கும் தினமும் அச்சகம் விட்டு நேராகப் பள்ளிக்கூட வாசலுக்குத்தான் போவேன். அன்றிலிருந்து போகவில்லை. தெருவில் சேர்ந்து போக நேர்ந்தால் மலையாளத்தில் பேசுவாள். நானும் எனக்குத் தெரிந்த மலையாளத்தில் பதில் சொல்வேன். வீட்டுக்குள் வந்தால் தமிழ்தான், ஆனால் பேச்சு குறைந்துபோயிற்று.

அந்தப் புத்தகம் அடுத்த வருஷம் திரும்ப அச்சுக்கு வந்தது. சார் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். விரல் நேராக இருந்தது, கொஞ்சம் நீளமாகவே இருந்தது. மற்றதெல்லாம் அப்படியே. மடித்தேன். மகளிடம் காட்டவில்லை.

அவள் படித்தாள். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க், காலேஜ், பரீட்சை எழுதி ஆபீஸ் வேலை. நான் கேட்டது கிடைத்தது. வேலைக்குச் சேர்ந்து சில மாதம் கழித்து, என்ன தோன்றிற்றோ, “ஒரு நாள் எனக்க ஆபீஸ வந்து பாருங்கம்மா” என்று அவளே கூப்பிட்டாள். போனேன். நாற்காலி இருந்தது, சாய்ந்துகொள்ளப் பிரம்பு பின்னியது. மேஜை இருந்தது. அதில் தாள் கட்டுகள், மேலே கண்ணாடி உருண்டை. பக்கத்து மேஜைப் பெண் எழுந்து வந்து “அம்மையா?” என்று கேட்டாள். மகள் “ஆமா, எனக்க அம்மை” என்று பெருமையாகத்தான் சொன்னாள். அந்தப் பெண் நல்ல மாதிரி, என் கையைப் பிடிக்க வந்தாள். வலது கையைக் கொடுத்தேன். இடது கை சேலைத் தலைப்புக்குள் இருந்தது. வேதக்கோயிலில் பாட்டுப் புத்தகம் பிடிக்கும்போதும் அப்படித்தான் இருக்கும், பஸ்ஸில் போனாலும் அப்படித்தான். எந்த நாளில் அது உள்ளே போயிற்று என்று எனக்கே சொல்லத் தெரியாது.

திரும்பிப் போகும்போது பழவங்காடி வரை கூட நடந்து வந்தாள். பங்குனி மாசம், தார் உருகுகிற வெயில். ரோட்டைக் கடக்க என் இடது பக்கம் வந்து கையைத் தேடினாள். கை தலைப்புக்குள் இருந்தது.

“ஏம்மா எப்பவும் இந்தக் கைய மூடிட்டே இருக்கீங்க? குளிருதா?”

உண்மையாகத்தான் கேட்டாள். முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு அதெல்லாம் நினைவில் இல்லை. உபதேசியார் சொன்னது சரிதான், கொஞ்சம் கூட நாளாயிற்று, அவ்வளவுதான்.

“ஆமா மக்களே” என்றேன்.

பஸ் வந்தது. வலது கையால் கம்பியைப் பிடித்து ஏறினேன்.